கண்ணுக்கும் வயதாகிறது!

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 68 வயது. சாயங்கால வேளையில் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரே முயற்சியில் ஊசியில் நூலைக் கோத்துவிடுவார். வாரப் பத்திரிகை வந்தால் தொடர்கதை முதலில் அவர் கைக்குத்தான் போகவேண்டும். பொடி எழுத்து விளம்பரம் வரையில் ஒரு வரி விடாமல் படிப்பார். “நாற்பது வயதிலேயே பத்திரிகையை ஒரு முழத் தூரத்தில் பிடித்துக்கொண்டு திண்டாடுகிறீர்களே! என் கண்ணைப் பாருங்கள்” என்று எங்களையெல்லாம் பரிகாசம் செய்வார்.

அந்த வீட்டு மருமகள் ஒருநாள் என்னிடம் வந்து கண் கலங்கினாள். “அத்தைக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. பக்கத்திலே வந்து நின்றால்கூடப் பார்க்காத மாதிரிப் போகிறார். நேற்றுக் காப்பித் தம்ளரைக் கைக்குப் பக்கத்தில்தான் வைத்தேன். வேண்டுமென்றே செய்ததுபோல் தட்டிவிட்டார். எதிரே வந்து பேசினால் மட்டும் முகம் மலர்ந்து பேசுகிறார். இது என்ன வேஷம்?”

மாமியார், மருமகள் விஷயத்தில் மூன்றாம் மனுஷர் தலையிடலாமா? நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பாட்டி நிலைப்படியில் இடித்துக்கொண்டார். நெற்றி தப்பியது, கண்ணாடிச் சட்டம் ஒடிந்தது. புதுக் கண்ணாடி வாங்கக் கண் டாக்டரிடம் போனார்கள். போன இடத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. பாட்டியின் இரு கண்களிலும் பார்வை நரம்பில் பாதிக்குமேல் பட்டுப்போயிருந்தது. நேர் எதிரே இருப்பது பளிச்சென்று தெரியும், ஊசிக் காது தெரியும், தொடர்கதை தெரியும். ஆனால் பக்கவாட்டில் இருக்கும் தம்ளரும், நிலைப்படியும், பக்கத்தில் வந்து நிற்கும் மருமகளும் தெரியமாட்டார்கள். தெரியவில்லை என்பதுகூடப் பாட்டிக்குத் தெரியாது!

“கண் நீர் அழுத்தம்” என்றார் டாக்டர். பெற்ற தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்பதனால் 43 வயது மகனையும் உட்காரவைத்துச் சோதித்தார். இங்கேதான் ஓர் ஆச்சரியம். தாயின் கண்ணில் அழுத்தம் 24. மகனின் கண்ணில் 26. கணக்குப்படி மகனுக்குத்தானே அதிகம்? ஆனால் மகனுடைய நரம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தாய்க்குப் பாதி போய்விட்டது.

இது என்ன நியாயம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்த விஷயங்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கண்ணுக்குள் ஒரு தொட்டி

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். “எனக்குப் பிரஷர் கிடையாது, போன வாரம்தான் பார்த்தேன்” என்று பலர் நிம்மதியாகச் சொல்வதுண்டு. அது ரத்த அழுத்தம். புஜத்தில் பட்டையைச் சுற்றிப் பார்ப்பது. நான் சொல்வது கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். அது வேறு, இது வேறு. ஒன்று சரியாக இருந்தால் இன்னொன்றும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீர் அல்ல இது. அது வெளியே, இது உள்ளே. கண்ணின் வில்லைக்கும், முன்புறத்துக் கண்ணாடித் தோலுக்கும் ஆகாரம் கொடுப்பது இந்த நீர்தான். நிமிஷத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை மைக்ரோ லிட்டர் ஊறுகிறது. ஒரு நாள் முழுவதும் ஊறியதைச் சேர்த்தாலும் ஒரு சின்னத் தேக்கரண்டி நிரம்பாது. அவ்வளவுதான்.

ஊறிய நீர் வெளியேற வேண்டாமா? கருவிழித் திரையும் கண்ணாடித் தோலும் சந்திக்கும் மூலையில், சுற்றிலும் நுண்ணிய வடிகால் இருக்கிறது. அதன் வழியே நீர் வடிந்து ரத்தத்தோடு கலந்துவிடுகிறது. குழாயும் ஜலதாரையும் ஒழுங்காக வேலை செய்யும்வரை தொட்டியில் மட்டம் ஒரே அளவில் நிற்கும். ஜலதாரையில் அடைப்பு ஏற்பட்டுக் குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால்? முற்றத்துத் தொட்டியானால் வழிந்து ஓடும். கண் மூடிய பாத்திரமாயிற்றே, எங்கே வழியும்? உள்ளே அழுத்தம்தான் ஏறும்.

பெரும்பாலோருக்கு இந்த அழுத்தம் 10-லிருந்து 21 மில்லி மீட்டர் பாதரசம் வரையில் இருக்கும். அதற்கு மேல் போனால் டாக்டர்கள் புருவத்தை உயர்த்துவார்கள்.

பத்து லட்சம் நூல்கள்

கண்ணின் பின்சுவரில் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறது விழித்திரை. கனம் சுமார் கால் மில்லி மீட்டர். நாம் காணும் காட்சியெல்லாம் அதன்மேல்தான் விழுகிறது. விழுந்த காட்சியை மூளைக்குக் கொண்டுசெல்ல, விழித்திரையிலிருந்து நரம்பு நூல்கள் புறப்படுகின்றன. ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 10 லட்சம் முதல் 12 லட்சம் நூல்கள்! விழித்திரையின் எல்லா மூலைகளிலிருந்தும் ஓடிவந்து, பின்பக்கத்தில் ஓர் இடத்தில் கூடி, வளைந்து, ஒரே கயிறாகத் திரண்டு மூளைக்குப் போகின்றன. அந்தக் கயிறுதான் பார்வை நரம்பு.

அந்த நூல்கள் கண்ணை விட்டு வெளியேறும் வாசலில் ஒரு சல்லடை இருக்கிறது. சல்லடைக் கண்கள் வழியாக நூல்கள் கொத்துக் கொத்தாக நுழைந்து வெளியே போகின்றன. கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் சல்லடை பின்னால் தள்ளப்பட்டு வளைகிறது. நூல்கள் நசுங்குகின்றன. ஒவ்வொரு நூலும் விழித்திரையில் உள்ள ஓர் உயிரணுவின் வால்தான்; வால் நசுங்கினால் அணு வாடுகிறது; நாளடைவில் மடிகிறது.

இதில் வலி கிடையாது. சிவப்பு கிடையாது. நீர் வடிவதும் கிடையாது. ஓரத்துப் பார்வைதான் முதலில் போகிறது; போன இடத்தை மூளை தானாகவே ஏதோ இட்டு நிரப்பிவிடுகிறது. கறுப்பாக ஒன்றும் தெரிவதில்லை. கணிசமான பங்கு நூல்கள் அறுந்த பிறகே குறை வெளியே வருகிறது. நடுப் பார்வை மட்டும் கடைசிவரையில் விசுவாசமாக நிற்கும். ஊசியில் நூல் கோக்கும் பாட்டியின் ரகசியம் இதுதான். அவருக்குக் கிட்டப் பார்வை; அதனால்தான் கண்ணாடியைக் கழற்றினால் கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்தது. கிட்டப் பார்வைக்காரர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்புச் சற்று அதிகம் என்பதை அவர் எங்கே அறிவார்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரைச் சோதித்து, 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். சாதாரணமாக வரும், வலியில்லாத வகை நோய் யாருக்கெல்லாம் இருந்ததோ, அவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது! நம் பாட்டி தனி மனுஷி அல்ல.

அதே கல், அதே அடி

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். 26 அழுத்தம் மகனை ஒன்றும் செய்யவில்லை. 24 அழுத்தம் தாயைக் கெடுத்துவிட்டது. ஏன்?

புதிதாக வாங்கிய நூல் புடவையைத் துவைக்கிற கல்லில் நாலு அடி அடித்தால் அழுக்குத்தான் போகும்; புடவைக்கு ஒன்றும் ஆகாது. அதே புடவை பத்து வருஷம் உழைத்த பிறகு அதே நாலு அடி அடித்துப் பாருங்கள்; இழை இழையாகப் பிரிந்துவிடும். (இப்போது துவைப்பது இயந்திரம்தான் என்கிறீர்களா? அதற்கும் இதே கதைதான்.) கல் அதே கல், கை அதே கை, புடவைக்குத்தான் வயதாகிவிட்டது.

விழித்திரையின் கதையும் இதுவே. வயது ஏறும்போது கண்ணுக்குள் நாலு காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, நான் சொன்ன சல்லடை விறைத்துப்போகிறது. இளமையில் அழுத்தத்துக்கு வளைந்து, பிறகு நிமிர்ந்துகொள்ளும். வயதான சல்லடைக்கு அந்த வளைவு நெளிவு போய்விடுகிறது.

இரண்டாவது, கையிருப்புக் குறைகிறது. நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் வருஷத்துக்குச் சில ஆயிரம் நூல்கள் தாமாகவே உதிர்கின்றன. இளமையில் பத்து நூல் போனாலும் ஈடு கொடுக்க ஆள் இருக்கிறது. முதுமையில் போவதெல்லாம் முதலிலிருந்து போவது.

மூன்றாவது, அணுக்களின் அடுப்பு மங்குகிறது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சக்தியைத் தயாரிக்கும் சின்னஞ்சிறு அடுப்புகள் உண்டு. விஞ்ஞானிகள் அவற்றை மைட்டோகாண்ட்ரியா என்பார்கள். விழித்திரை நம் உடம்பிலேயே அதிகமாகச் சக்தியைச் செலவழிக்கும் உறுப்புகளில் ஒன்று. அடுப்பு நன்றாக எரிகிறபோது ஓர் அடி விழுந்தால், அணு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். அடுப்பே மங்கினால் செப்பனிடச் சக்தி ஏது?

நான்காவது, ரத்த ஓட்டம். வயதாக வயதாக மெல்லிய ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி விரியும் சாமர்த்தியத்தை இழக்கின்றன. அழுத்தம் ஏறிய நேரத்தில் நரம்புக்கு வேண்டிய ரத்தம் கிடைப்பதில்லை.

இதையெல்லாம் வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 40 முதல் 80 வயது வரையில் உள்ள 1,636 பேரை ஒரு பெரிய பரிசோதனையில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் கண் அழுத்தம் அதிகம். ஆனால் எவருக்கும் நரம்பு கெடவில்லை. நம் பக்கத்து வீட்டு மகனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேரைக் கவனித்து மட்டும் வந்தார்கள். 2002-இல் முடிவு வெளியாயிற்று. ஐந்து வருஷத்தில், மருந்து போடாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கு நோய் வந்தது. மருந்து போட்டவர்களில் 4.4 பேருக்குத்தான் வந்தது. மருந்து ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டது.

யாருக்கு வந்தது என்று ஆராய்ந்தபோது வயது முன்னால் வந்து நின்றது. வயதில் பத்து ஏறினால் ஆபத்து நூற்றுக்கு 22 பங்கு ஏறியது. கண்ணின் முன்புறத்துத் தோல் மெல்லியதாக இருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது.

ஐந்து வருஷத்தில் நூற்றில் தொண்ணூறு பேர் தப்பித்துவிட்டார்களே என்று சந்தோஷப்படவேண்டாம். அவர்களையே 20 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-இல் வெளியான கணக்குப்படி, நூற்றில் ஏறக்குறைய 46 பேருக்கு நோய் வந்துவிட்டது. “இன்று ஒன்றுமில்லை” என்பது நாளைக்குச் செல்லுபடியாகாத சீட்டு.

எலிகள் சொல்லும் சேதி

மனிதக் கண்ணை வெட்டிப் பார்க்க முடியாது. ஆகவே விஞ்ஞானிகள் சுண்டெலிகளிடம் போனார்கள்.

கலிபோர்னியாவில் இர்வைன் நகரத்துப் பல்கலைக் கழகத்தார் 2022-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இள வயது எலிகளுக்கும் கிழட்டு எலிகளுக்கும் ஒரே மாதிரி, மிதமாக, சிறிது நேரத்துக்குக் கண் அழுத்தத்தை உயர்த்தினார்கள். இளம் எலிகளின் விழித்திரை சமாளித்துக்கொண்டது. கிழ எலிகளின் விழித்திரையிலோ நரம்பு அணுக்கள் மடிந்தன. இதைவிட முக்கியமான சேதி இன்னொன்று. இளம் எலிக்கே அந்த மிதமான அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, அதன் விழித்திரையில் முதுமையின் அடையாளங்கள் தென்பட்டன! வயதானால் அழுத்தம் வலுவாகத் தாக்குகிறது என்பது ஒரு பக்கம். அழுத்தம் தாக்கத் தாக்கக் கண்ணுக்கு வயது ஏறுகிறது என்பது மறுபக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொள்கின்றன.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆராய்ச்சிக்காரர்கள் வேறு ஒரு வேடிக்கை செய்தார்கள். நடுத்தர வயது எலிகளை நாள்தோறும் நீந்தவைத்தார்கள். சில வாரம் நீந்திய எலிகளுக்கு அழுத்தக் காயம் ஏற்பட்டபோது, அவற்றின் விழித்திரை இளம் எலிகளைப்போலச் சீக்கிரம் தேறிற்று. சோம்பேறி எலிகள் அப்படித் தேறவில்லை. 2016-இல் வந்த சேதி இது.

அமெரிக்காவில் மெயின் மாகாணத்து ஜாக்ஸன் ஆராய்ச்சிக் கூடத்தார், பரம்பரையாக இந்த நோய் வரும் எலிகளுக்கு பி3 வைட்டமினைக் கொடுத்து நரம்பைக் காப்பாற்றியதாக 2017-இல் அறிவித்தார்கள். மங்கிய அடுப்பை ஊதிவிடுகிற மாதிரி இது. மனிதர்களிடம் இதைச் சோதிக்கும் வேலை நடந்து வருகிறது. அதற்காக நீங்கள் இன்றே மருந்துக் கடைக்கு ஓடிவிடாதீர்கள்! எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்குக் கணக்கிட்டால் மிகப் பெரிய அளவு ஆகும். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். டாக்டர் சொல்லாமல் தொடவேண்டாம். ஆனால் நடப்பதற்கு எவரிடமும் சீட்டு வாங்கவேண்டியதில்லை. தினம் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் உடம்புக்கும் நல்லது. கண் அழுத்தமும் சிறிது இறங்குகிறது என்பது மனிதர்களிடமே கண்டறிந்த உண்மை.

எழும்பூரில் ஒரு துளை

நாம் வயதைக் குறைக்க முடியாது. விழித்திரையை இளமையாக்கும் மருந்தும் இன்னும் கைக்கு வரவில்லை. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: அழுத்தத்தைக் குறைப்பது. புடவை பழையதானால் அடியைக் குறைக்க வேண்டியதுதானே?

இந்த வேலையில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. சென்னையில் 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனை, உலகத்திலேயே மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. பிற்பாடு எழும்பூருக்கு வந்த அந்த மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேயர். (கடற்கரைக்குப் பெயர் கொடுத்த எலியட் வேறு, இவர் வேறு.) ஜலதாரை அடைத்துக்கொண்டால் தொட்டிச் சுவரில் வேறு ஒரு சின்னத் துளை போட்டுவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். வட்டமாக வெட்டும் சிறு கருவியால், கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒரு நுண்துளை போட்டு, உள்ளிருக்கும் நீர் மேல் தோலுக்கு அடியில் வடிந்துபோக வழி செய்தார். 1909-இல் அவர் வெளியிட்ட இந்தச் சிகிச்சை உலகமெங்கும் பரவிற்று. இவரே பின்னாளில் சீமைக்குத் திரும்பியதும், இந்தியக் கயிற்று வித்தை வெறும் புரளி என்று நிரூபிக்கக் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார் என்பது வேறு கதை!

அறுவை முறை அதற்குப் பிறகு எவ்வளவோ திருந்திவிட்டது. 1968-இல் கெய்ர்ன்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வெளியிட்ட முறையை ஒட்டியே இப்போதும் பெரும்பாலும் செய்கிறார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் கத்தியைத் தொடுவதில்லை. முதலில் சொட்டு மருந்து. அல்லது லேசர் ஒளி. இவை போதாதபோதுதான் கத்தி. எந்த வழியாக இருந்தாலும் நோக்கம் ஒன்றே: அழுத்தத்தை இறக்குவது. வயதான கண்ணுக்கு 21 என்ற சாதாரண அளவுகூட அதிகமாக இருக்கலாம். ஆகையால் டாக்டர்கள் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக ஓர் அளவை நிர்ணயித்து, அதற்குக் கீழே வைக்கப் பார்க்கிறார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரையில் சொன்னது சத்தமில்லாமல் வரும் திருடன். சத்தத்தோடு வரும் கொள்ளைக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாகத் தேடி வருகிறான். அதுவும் நம் ஆசியாவில் அதிகம்.

கண்ணின் வில்லை வயதோடு பருத்துக்கொண்டே போகிறது. பெண்களின் கண் அளவில் சற்றுச் சிறியது. சிறிய வீட்டில் பெரிய பீரோ வந்தால் வழி அடைபடுகிறதல்லவா? அப்படியே பருத்த வில்லை கருவிழித் திரையை முன்னால் தள்ளி, வடிகால் இருக்கும் மூலையை நெருக்குகிறது. மங்கலான வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது வழி முழுவதும் அடைந்துபோனால், அழுத்தம் ஒரே மூச்சில் ஏறிவிடும். கண்ணிலும் நெற்றியிலும் பொறுக்க முடியாத வலி, கண் சிவந்துவிடும், விளக்கைச் சுற்றி வானவில்போல வட்டங்கள், குமட்டல், வாந்தி. வாந்தியைப் பார்த்ததும் “பித்தம்” என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொடுத்து, தலையில் பற்றுப் போட்டுப் படுக்கவைப்பதுதான் நம் வழக்கம். அந்தச் சில மணி நேரத்திலேயே கண் போய்விடக்கூடும். ஒற்றைக் கண் வலியும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்து, பார்வையும் மங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வழி குறுகலாக இருப்பதை முன்கூட்டியே டாக்டர் கண்டுபிடித்துவிட்டால், லேசர் ஒளியால் கருவிழித் திரையில் சிறு துளை போட்டு அபாயத்தைத் தவிர்க்கலாம். சில நிமிஷ வேலைதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

“பாட்டிக்குப் புரை விழுந்திருக்கிறது, முற்றட்டும், ஆபரேஷன் செய்யலாம்” என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். புரையை எடுத்தால் பார்வை திரும்பும். நரம்பு போனால் திரும்பாது. இருப்பது புரையா, அழுத்தமா, இரண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

நாற்பது வயதில் ஒரு தடவை கண்ணை முழுமையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். அறுபதுக்குப் பிறகு வருஷந்தோறும். அட்டையில் எழுத்துப் படித்துவிட்டு வருவது முழுச் சோதனை ஆகாது. அழுத்தம் பார்க்கவேண்டும், கண்மணியை விரித்து நரம்பைப் பார்க்கவேண்டும், தேவையானால் பக்கப் பார்வையையும் அளக்கவேண்டும். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகவே ஒரு நம்பரை மட்டும் நம்பக்கூடாது. தாய், தந்தை, உடன்பிறந்தார் எவருக்காவது இந்த நோய் இருந்தால், நாற்பது வயதுவரையில்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கண் உறுத்தினால் கடைக்காரரிடமே சொட்டு மருந்து கேட்டு வாங்குகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தை நீண்ட நாள் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். சிரசாசனம் செய்யும்போது அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களை விட்டு மற்றவற்றைச் செய்யலாம். காலையில் ஒரே மூச்சில் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது.

மருந்து போடும்போது கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணில் தங்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் போகட்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். சில சொட்டு மருந்துகள் இழுப்பை அதிகப்படுத்தும். மிக முக்கியம், நிறுத்தாமல் போடுவது. போட்டதனால் பார்வை கூடிவிடாது. “ஒன்றும் தெளியவில்லையே” என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். இந்த மருந்து இழந்ததை மீட்பதற்கல்ல, இருப்பதைக் காப்பதற்கு.

பாட்டி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். பறிபோன பக்கப் பார்வை போனதுதான். ஆனால் அழுத்தம் 14-க்கு இறங்கி, இரண்டு வருஷமாக அங்கேயே நிற்கிறது. பார்வையும் இருந்த இடத்தில் நிற்கிறது. மகனும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வருகிறார். நிலைப்படி ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். காப்பித் தம்ளர் பாட்டிக்கு நேர் எதிரே வைக்கப்படுகிறது.

தினம் இரவு எட்டரை மணிக்கு மருமகள் மருந்துப் புட்டியோடு வருவாள். பக்கத்தில் வந்து நிற்பதில்லை. நேர் எதிரே வந்து, “அத்தை, நான்தான்” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். பாட்டி ஊஞ்சலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “உன்னை இத்தனை நாள் பார்க்காமலேயே இருந்துவிட்டேனே அம்மா” என்பார்.

உங்கள் வீட்டுப் பாட்டியும் அடிக்கடி தம்ளரைத் தட்டிவிடுகிறாரா? கோபித்துக்கொள்ளுமுன் கண் டாக்டரிடம் ஒரு தடவை அழைத்துப் போய்வாருங்கள்.